அண்ணனின் ரிப்போர்ட்டில் எச்.பி.வி. என்று வந்திருக்கிறது: வீட்டில் ஒட்டுமா, அண்ணிக்கு என்ன செய்ய வேண்டும்?

தம்பி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணனுக்கு 52 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். ஆணுறுப்பின் முன்தோலுக்கு உள்ளே வந்த புண்ணை யாரிடமும் சொல்லாமல், பார்மசியில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டே பல மாதம் ஓட்டிவிட்டார். கடைசியில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘எச்.பி.வி. சார்ந்தது, பி16 பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கிறார்கள். உடலுறவில் பரவுகிற வைரஸ் இது என்று மகன் கைப்பேசியில் படித்துச் சொன்னதும் அண்ணி தாய்வீட்டுக்குப் போய்விட்டார். உங்கள் அம்மா அண்ணனுக்கு மங்கு (சாப்பிடும் பாத்திரம்), குவளை இரண்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். இது ஒட்டுமா, அண்ணன் தப்பு செய்தாரா, அண்ணிக்கும் வருமா, உடம்பில் எங்கே பரவும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸராகத் தொடங்கி, அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நோயோடு வந்த நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தாமதமாகத்தான் வந்தார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மங்கு விஷயம். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. வைரஸ் ஒட்டும், ஆனால் சாப்பாட்டிலும் குவளையிலும் இல்லை. அந்தரங்க உறுப்பின் தோலும் தோலும் உரசும்போதுதான் அது முக்கியமாகப் பரவுகிறது. ஒரே வீட்டில் இருப்பது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, துணியைத் துவைப்பது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது எதற்கும் பயப்பட வேண்டாம். புண்ணிலிருந்து நீர் வடிந்தால் கட்டுத்துணியைப் பையில் போட்டுக் கட்டி எறிந்துவிட்டுக் கையைச் சோப்பால் கழுவினால் போதும். அது எந்தப் புண்ணுக்கும் செய்வதுதான். நோயாளிக்குத் தனி மங்கு வைத்தால் அவர் மனதுக்குள்ளேயே சுருங்கிவிடுவார். அப்புறம் அடுத்த அப்பாயின்ட்மெண்டுக்கே போகமாட்டேன் என்பார். அப்படி நின்றுபோனவர்கள் உண்டு.

சரி, ரிப்போர்ட் என்ன சொல்கிறது? எச்.பி.வி. என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். ஒன்றல்ல, 200க்கும் மேற்பட்ட வகைகள். கையில் காலில் வரும் மருவுக்குச் சில வகைகள் காரணம். அந்தரங்க உறுப்பில் வரும் மருக்களில் பத்தில் ஒன்பது 6, 11 என்ற வகைகளால் வருபவை. அவை புற்றுநோயாக மாறுவது மிக அரிது. ஆபத்தானவை வேறு, முக்கியமாக 16ஆம் வகை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இந்த 16ஆம் வகையை ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983இல் கண்டுபிடித்தது. அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 16ஆம் வகைதான் ஆணுறுப்புப் புற்றுநோயிலும் அதிகமாகக் காணப்படுகிறது.

அண்ணன் லாரிக்காரர் என்பதால் இதை அவருக்குப் புரியும்படி சொல்லலாம். நம் தோல் செல் ஒவ்வொன்றுக்கும் கண்டபடி பெருகாமல் நிறுத்த இரண்டு பிரேக் இருக்கிறது. ஒன்று பி53 என்ற புரதம், இன்னொன்று ஆர்.பி. என்ற புரதம். வைரஸ் ஈ6, ஈ7 என்று இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஈ6 முதல் பிரேக்கை அழிக்கிறது, ஈ7 இரண்டாவதைச் செயலிழக்க வைக்கிறது. பிரேக் இல்லாத செல் பெருகிக்கொண்டே போகிறது. கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. ஆர்.பி. செயலிழந்தால் பி16 என்ற இன்னொரு புரதம் செல்லுக்குள் அளவுக்கு மீறிச் சேரும். சோதனைக்கூடத்தில் சதைத் துணுக்கின்மேல் சாயம் ஏற்றி அந்தப் பி16ஐத்தான் பார்க்கிறார்கள். அது அடர்த்தியாகத் தெரிந்தால், இந்தக் கட்டிக்குப் பின்னால் வைரஸ் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இந்தப் புற்றுநோயை எச்.பி.வி. சார்ந்தது, சாராதது என்று இரண்டாகவே பிரித்துவிட்டார்கள். அதனால்தான் அந்த வரி உங்கள் ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது. குற்றம் சாட்டுவதற்காக எழுதியதல்ல.

இப்போது அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் குடும்பம் உடைகிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

இந்த வைரஸ் உடலுறவுத் தொடர்பால் வருகிறது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டாம். துணைகளின் எண்ணிக்கை கூடினால் தொற்றும் வாய்ப்பும் கூடும், அதுவும் உண்மை. ஆனால் திருமணமான, உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண் பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் ஏதாவது ஒரு வகை எச்.பி.வி. வந்துபோகிறது. வந்தது தெரியவே தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்று இரண்டு ஆண்டுகளில் உடம்பே அதை அடக்கிவிடும். சிலருக்கு மட்டும் அடங்காமல் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய வைரஸ் முதலில் மேல்தோலில் மட்டும் மாற்றத்தை உண்டாக்கி, பல ஆண்டுகள் கழித்து, சில நேரம் பத்திருபது ஆண்டுகள் கழித்து, புற்றுநோயாகலாம். ஆகவே இன்று ரிப்போர்ட்டில் தெரியும் வைரஸ் சென்ற வருஷம் வந்ததா, கல்யாணத்துக்கு முன்னால் இருபது வயதில் வந்ததா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது. அண்ணனிடமிருந்து அண்ணிக்கா, அண்ணியிடமிருந்து அண்ணனுக்கா என்று கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் கிடையாது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் இடையே வேறு வருத்தங்கள் இருந்தால் அவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளட்டும். இந்தக் காகிதத்தை ஆதாரமாகக் காட்டி யாரும் யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. அண்ணியின் தாய்வீட்டாரிடமும் இதைச் சொல்லுங்கள். நீங்கள் நேரில் போய்ச் சொல்வது நல்லது, போனில் வேண்டாம்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆணுறுப்புப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிதான் எச்.பி.வி. சம்பந்தப்பட்டது. மீதிப் பாதியில் அந்த வைரஸே இல்லை. முன்தோல் பின்னுக்குப் போகாமல் இறுகிப்போவது, உள்ளே அழுக்கும் ஈரமும் தங்கித் திரும்பத் திரும்ப வீக்கம் வருவது, தோல் வெள்ளையாகித் தடித்துச் சுருங்கும் லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற நோய், இவைதான் அந்தப் பாதிக்கு முக்கியக் காரணங்கள். வைரஸ் இருப்பவர்களிடமும் இவை சும்மா இருப்பதில்லை. இறுகிய முன்தோல் உள்ள இடத்தில் வைரஸ் தங்குவது எளிது. சிகரெட் தனியாகவே ஆபத்தைக் கூட்டுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

இதில் நம் ஆட்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, நீரிழிவு. தோட்டத்திலும் சரி, தோட்டம் மூடி டவுன் தாமான்களுக்கு (குடியிருப்புகளுக்கு) வந்த குடும்பங்களிலும் சரி, நாற்பது தாண்டினால் இனிப்பு நீர் இல்லாத ஆணைத் தேட வேண்டியிருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் முன்தோலுக்குள் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் தோலில் சின்ன வெடிப்பு, ஆறும்போது தழும்பு. இளமையில் சாதாரணமாகப் பின்னுக்குப் போன தோல் ஐம்பதில் இறுகிவிடும். இறுகிய பிறகு உள்ளே புண் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நாற்றமோ ரத்தமோ வந்த பிறகுதான் தெரியும். உங்கள் அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சோதித்துப் பாருங்கள். அறுவைச் சிகிச்சைப் புண் ஆறவும் அது கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

மலாய்க்காரர்களுக்குச் சுன்னத் செய்வதால் இது வருவதில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். சிறுவயதில் முன்தோலை அகற்றியவர்களுக்கு இந்தப் புற்றுநோய் மிகக் குறைவாகவே வருகிறது, அது உண்மை. தோல் இறுகும் பிரச்சினையே இல்லாமல் போவது அதற்கு ஒரு பெரிய காரணம். வயது வந்த பிறகு செய்தால் அதே அளவு பாதுகாப்பு கிடைப்பதாகத் தெரியவில்லை. அதனால் எல்லாரும் ஓடிப்போய்ச் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முன்தோல் தாராளமாகப் பின்னுக்குப் போகிறதா, தினமும் குளிக்கும்போது பின்னுக்குத் தள்ளித் தண்ணீரில் கழுவுகிறோமா, இதுதான் முக்கியம். போகவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். களிம்பாலேயே சரியாவதும் உண்டு, சின்ன அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. சின்னப் பையன்களுக்கு மட்டும் தோலைப் பலவந்தமாகத் தள்ளக்கூடாது. வளர வளர அதுவே பிரியும்.

இனி ‘எங்கே பரவும்’ என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது இதுதான், ஏனென்றால் அண்ணனுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு வரிசையில்தான் நகர்கிறது. ஆணுறுப்பின் மொட்டிலோ (நுனிப்பகுதி) முன்தோலிலோ தொடங்கும். அங்கிருந்து நிணநீர் வழியாக முதலில் போய்ச் சேருவது தொடை இடுக்கிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு. வலது பக்கம் புண் இருந்தாலும் இரண்டு பக்கமும் போகலாம், நிணநீர்ப் பாதைகள் குறுக்கே கலந்து ஓடுகின்றன. அடுத்தது இடுப்புக்கூட்டுக்கு உள்ளே இருக்கும் முடிச்சுகள். நுரையீரல், ஈரல், எலும்புக்குப் போவது வழக்கமாக அதற்கும் பிறகு. இடுக்கு முடிச்சுகளைத் தாண்டாமல் உடம்பின் வேறு பகுதிக்குத் தாவுவது அரிது. இப்படி வரிசையாகப் போவது நமக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பு. இடுக்கிலேயே பிடித்துவிட்டால் குணமாக்கும் வழி இன்னும் திறந்திருக்கிறது. முடிச்சுகளுக்குப் போகாத நிலையில் சிகிச்சை செய்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். இடுப்புக்கு உள்ளே போய்விட்டால் அந்த எண்ணிக்கை மிகவும் இறங்கிவிடும்.

நெறி கட்டினாலே பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. புண்ணில் சீழ் இருந்தாலும் நெறி கட்டும். கையில் தட்டுப்படும் முடிச்சுகளில் ஏறக்குறைய பாதி வெறும் தொற்றால் வீங்கியவைதான். ஆனால் எது எது என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஆறு வாரம் ஆண்டிபயாடிக் கொடுத்து, வீக்கம் குறைகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். இப்போது அப்படிக் காத்திருக்கச் சொல்வதில்லை. ஊசி விட்டுச் செல்லை எடுத்து உடனே பார்க்க வேண்டும் என்பதே இன்றைய நடைமுறை. மறுபக்கம், நெறியே தட்டுப்படாதவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கே செல் போயிருக்கலாம். கட்டி ஆழமாகவோ வீரியமாகவோ இருந்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் இடுக்கைச் சோதிக்க வேண்டும் என்பார்கள். நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டும் அடையாளம் கண்டு எடுத்துப் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. தெரிந்தவர் யாராவது நெறிக்குப் பற்றுப் போடலாம், எண்ணெய் விட்டு உருவிவிடலாம் என்றால் விடாதீர்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நெறியை மறக்காமல் சொல்லி, இரண்டு பக்கமும் பார்த்தீர்களா, ஊசி விட்டுச் சோதிக்கப் போகிறீர்களா என்று கேளுங்கள். தேதி தள்ளி இருந்தால் போன் செய்து முன்னுக்குக் கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ரிப்போர்ட்டில் எச்.பி.வி. இருப்பதில் சின்ன ஆறுதலும் உண்டு. பல ஆய்வுகளில் வைரஸ் சார்ந்த கட்டி உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்திருக்கிறார்கள். ஆனால் அதை நம்பித் தாமதிக்கக்கூடாது. எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி அண்ணன் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கத் துணிவில்லாமல் இருப்பார். அவர் நினைப்பது ஒன்றாகத்தான் இருக்கும்: முழுதும் வெட்டிவிடுவார்களோ. மேல்தோலோடு நிற்கும் ஆரம்ப நிலைக்குக் களிம்பு, லேசர் போதும். சின்னக் கட்டிக்கு முன்தோலை மட்டும் அல்லது மொட்டின் மேற்பகுதியை மட்டும் எடுக்கலாம். சிலருக்குக் கதிர்வீச்சும் பொருந்தும். கட்டி பெரிதாக இருந்தால் ஒரு பகுதியை வெட்ட வேண்டியிருக்கும். அப்போதும் போதிய நீளம் மிஞ்சினால் நின்றுகொண்டே சிறுநீர் கழிக்கலாம், சிலருக்குத் தாம்பத்தியமும் முடிகிறது. முழுதும் எடுக்க வேண்டிவந்தால் விதைப்பைக்குக் கீழே சிறுநீருக்கு வழி வைப்பார்கள், உட்கார்ந்துதான் போக வேண்டும். அண்ணனுக்கு எது என்பதை ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்கும்போது அண்ணியும் பக்கத்தில் இருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்து அவர் வாயால் சொல்லமாட்டார்.

அண்ணிக்கு வருகிறேன். அவருக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை வேண்டும். அண்ணன்மேல் உள்ள கோபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது அவருடைய உடம்புக்காக. தம்பதியில் ஒருவருக்கு இருக்கும் வைரஸ் மற்றவருக்கும் இருப்பது சகஜம். அது பெண்ணுடம்பில் செய்யும் கெடுதல் மிக அதிகம். 2020இல் உலகம் முழுக்க ஆணுறுப்புப் புற்றுநோய் சுமார் 36,000 பேருக்கு வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சுமார் 6 லட்சம் பெண்களுக்கு. கர்ப்பப்பை வாயில் இரண்டு வகைத் தோல் சேரும் ஒரு விளிம்பு இருக்கிறது. வைரஸ் அங்கே எளிதாக வேலையைக் காட்டிவிடுகிறது. நல்ல செய்தி என்னவென்றால் ஆண்களுக்கு இல்லாத வசதி பெண்களுக்கு உண்டு. ஆண்களுக்கு இந்த வைரஸைத் தேடும் வழக்கமான சோதனை எதுவும் இல்லை. பெண்களுக்கு எச்.பி.வி. சோதனையும், கர்ப்பப்பை வாயிலிருந்து செல்லை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் இருக்கின்றன. புற்றுநோய் ஆவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மாற்றத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) கேட்டால் சொல்வார்கள். டாக்டர் பார்ப்பது கூச்சம் என்றால், குச்சியால் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் நம் நாட்டில் வந்துவிட்டது. பாசிட்டிவ் என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேலே பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அப்புறம், சிகிச்சை முடிந்து அவர்கள் சேர்ந்து வாழும்போது ஆணுறை பயன்படுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்கட்டும். ஆணுறை வைரஸ் பரவுவதைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. மூடாத தோலும் உரசுகிறதே.

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி. மகளுக்குப் படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளி முதல் வகுப்பு) பள்ளியில் போட்டிருப்பார்கள். நம் நாட்டில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 2010இல் தொடங்கிய திட்டம் அது. போட்டதா விட்டுப்போனதா என்று பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். மகனுக்கு அப்பாவிடமிருந்து வீட்டில் எதுவும் ஒட்டாது, ஆனால் அவனும் ஒருநாள் குடும்பம் நடத்தப் போகிறவன். இந்த ஊசி ஆண்களுக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் பள்ளியிலேயே போடுகிறார்கள். ஒன்பது வகை வைரஸைத் தடுக்கும் ஊசியில் 16, 18 ஆகியவையும் மருவுக்கான 6, 11 ஆகியவையும் அடக்கம். தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட வேண்டியிருக்கும். விலையை முன்பே விசாரியுங்கள். உடலுறவு வாழ்க்கை தொடங்கும் முன் போட்டால்தான் முழுப் பயன். அண்ணனுக்கு இப்போது அந்த ஊசி மருந்தாகாது. ஏற்கெனவே தங்கிவிட்ட வைரஸையோ கட்டியையோ அது தொடாது.

நீங்களும் அண்ணனின் கூட்டாளிகளும் கவனிக்க வேண்டியது ஒன்று. மொட்டிலோ முன்தோலிலோ மூன்று நான்கு வாரத்தில் ஆறாத புண், சிவந்த திட்டு, தடிப்பு, மரு மாதிரி வளர்ச்சி, முன்தோலுக்கு அடியிலிருந்து ரத்தமோ நாற்றமான நீரோ வந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் பலருக்கு வலிப்பதே இல்லை. சின்ன டவுன், கவுண்டரில் இருப்பவர் சொந்தக்காரராகக்கூட இருப்பார் என்ற தயக்கம் எனக்குத் தெரியும். கவுண்டரில் ‘சிறுநீர்ப் பிரச்சினை’ என்று மட்டும் சொன்னால் போதும். பெண் டாக்டர் என்றால் கூச்சம் என்பவர்கள் ஆண் டாக்டரோ ஆண் மருத்துவ உதவியாளரோ பார்க்க முடியுமா என்று கேட்கலாம். பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். ஒரு வெள்ளி கொடுத்துப் பதிந்துவிட்டு உள்ளே போய் உண்மையைச் சொல்லுங்கள்.

அண்ணன் வேலையைப் பற்றிக் கவலைப்படுவார். ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்களுக்குச் சட்டப்படி சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 முதல் அது வருஷத்துக்கு 60 நாள், சாதாரண மருத்துவ விடுப்பு அதில் சேராது. சம்பளத்தில் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பிடித்தம் செய்திருந்தால், வேலை செய்ய முடியாத நிலை வரும்போது இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப்போடலாம். 60 வயதுக்குள் இருப்பதால் அவர் விண்ணப்பிக்க முடியும். இந்தத் தாள் வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், புண் ஆறுவதற்கே அது தடை. நெறி விஷயத்தில் ஊசிச் சோதனை முடிந்ததும் அந்த ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுதுங்கள், அதைப் படித்து விளக்குகிறேன்.